முழுசாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாவது ஏன்?

கேள்வி: வேதாரண்யம் பக்கத்தில் இருக்கிறோம். ஆன்லைனில் வாங்கிய சின்ன இன்குபேட்டரில், மழைக்காலத்தில், எங்கள் வீட்டுச் சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை 30 வைத்தேன். 8 மட்டும்தான் பொரிந்தது. மிச்சத்தை உடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் முழுசாக வளர்ந்த குஞ்சு, உப்பிப்போய், தண்ணீரோடு செத்துக் கிடந்தது. பெட்டி விற்றவரோ முட்டையில் சத்து இல்லை, கோழிக்கு டானிக் வாங்கிக் கொடுங்கள் என்கிறார். இப்போது ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. பேசாமல் அதிலேயே வைத்துவிடலாமா?

பதில்: டானிக் வாங்காதீர்கள். இருபது நாள் வரை குஞ்சு வளர்ந்து நின்றிருக்கிறது என்றால் அது கருக்கூடிய, நல்ல முட்டைதான். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், பெட்டிக்குள் ஊற்றிய தண்ணீர்தான் குஞ்சுகளைக் கொன்றிருக்கிறது.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அடையின் முதல் 18 நாளில் அதன் வழியாக முட்டை தன் எடையில் சுமார் 12 சதவீதத்தைத் தண்ணீராக இழக்க வேண்டும். அந்த அளவுக்கு அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். 19, 20-ஆம் நாளில் குஞ்சு மூக்கை அந்தக் காற்றறைக்குள் நீட்டித்தான் முதல் மூச்சை இழுக்கிறது. பெட்டி எப்போதும் ஈரமாகவே இருந்தால் தண்ணீர் வெளியேறாது, காற்றறை சின்னதாகவே நிற்கும். உப்பிய குஞ்சுக்கு உள்ளே திரும்பக்கூட இடம் இருக்காது, மூச்சு முட்டிச் செத்துவிடும்.

பெட்டியோடு வந்த தாளில் முதல் நாளிலிருந்தே தண்ணீர் ஊற்றச் சொல்லியிருப்பார்கள். வேதாரண்யத்தில் ஐப்பசி கார்த்திகையில் வெளிக்காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே பெட்டிக்குள் ஈரப்பதம் 50 சதவீதம் வந்துவிடும். முதல் 18 நாளுக்கு அதுவே போதும். சேலத்தில் சித்திரை வெயிலில் அதே பெட்டியை ஓட்டினால் ஈரப்பதம் இதைவிட நன்றாகக் குறையும், அங்கே தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஊரையும் மாதத்தையும் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்து விற்கிறார்கள்.

ஈரப்பத மீட்டரை நம்பி உட்காராதீர்கள். எடை போட்டுப் பாருங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பத்து முட்டையில் பென்சிலால் குறி போட்டு மொத்தமாக எடை எடுங்கள். 400 கிராம் இருந்தால் 7-ஆம் நாள் 380 சுற்றி இருக்க வேண்டும், 18-ஆம் நாள் 350 சுற்றி. ஏழாம் நாளில் 390-க்கு மேல் நின்றால் தண்ணீரை எடுத்துவிட்டுக் காற்றுத் துளையைத் திறந்து விடுங்கள். 370-க்குக் கீழே போனால் கொஞ்சம் தண்ணீர் வையுங்கள்.

18-ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்துங்கள். இப்போதுதான் தண்ணீர். ஈரப்பதம் 65, 70-க்கு ஏறட்டும். அப்புறம் மூடியைத் திறக்கவே கூடாது. திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் போய், குஞ்சைச் சுற்றியுள்ள சவ்வு காயும்.

ஓட்டில் ஓட்டை போட்டுவிட்டு குஞ்சு வெளியே வராமல் கிடந்தால் உடைத்து எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடாது. ஓட்டை போட்ட பிறகு அது பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கூட ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கருவும் சவ்வில் ஓடும் ரத்தமும் உடம்புக்குள் போகின்றன. இதற்கு ஒரே ஒரு விலக்கு. ஓட்டை விழுந்து 24 மணி நேரம் தாண்டிவிட்டது, குஞ்சு உள்ளே கத்துகிறது, ஆனால் சவ்வு காகிதம் போலக் காய்ந்து பழுப்பாகி மூக்கோடு ஒட்டிக்கொண்டது. மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் கை வைக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, அகன்ற முனைப் பக்கம் மட்டும் முட்டை ஓட்டைச் சிறிது சிறிதாக எடுங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால், ஒரு துளி ரத்தம் கசிந்தால், அங்கேயே நிறுத்தி முட்டையைத் திரும்ப வைத்து நான்கைந்து மணி நேரம் பொறுங்கள். தலை வெளியே வந்தால் போதும். காலைப் பிடித்து இழுக்காதீர்கள், மிச்சத்தை அதுவே உதைத்துக்கொண்டு வரும். அந்த மூன்று அடையாளத்தில் ஒன்று இல்லாவிட்டாலும் தொடாதீர்கள்.

பெட்டி விற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திரையில் 37.5 என்று தெரிவதால் உள்ளே 37.5 இருக்கிறது என்று அர்த்தமில்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டையோடு வைத்துப் பாருங்கள். ஃபேன் உள்ள பெட்டியில் 99.5 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும், ஃபேன் இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் 102 வரை இருக்கலாம். காய்கறிக் கடைத் தராசுக்குக்கூட அரசு முத்திரை கேட்கிற நாட்டில், இந்தப் பெட்டிக்குள் இருக்கும் கருவியைச் சோதித்தார்களா என்று கேட்பார் இல்லை. 95 சதவீதம் பொரியும் என்று சொல்லி விற்கிறார்கள், பொரியாவிட்டால் முட்டை மேல் பழி.

அடுத்து இவர்களே முட்டை விற்க வருவார்கள். கூரியரில் குலுங்கி வரும் முட்டையை வாங்காதீர்கள். கடையில் கிடைக்கும் நாமக்கல் பண்ணை முட்டை பொரியவே பொரியாது, அங்கே சேவலே கிடையாது. ஓடு பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்று நினைக்காதீர்கள், பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழிகளும் உண்டு, தேயிலைச் சாயம் போட்டு ஏமாற்றுவதும் உண்டு. பெட்டியும் முட்டையும் நாங்களே தருகிறோம், குஞ்சையும் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று யாராவது ஒப்பந்தம் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்க்கச் சொல்லிப் பணம் வாங்கி, 2012-ல் ஏமாற்றிவிட்டுப் போனவர்களும் இதே பேச்சைத்தான் பேசினார்கள்.

சரி, அடைக்கோழிக்கு வருவோம். தாராளமாக வையுங்கள். சிறுவிடை உடம்புக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை போதும். முதலில் இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள், பேன் கடித்தால் பாதியில் எழுந்து போய்விடும். கூடையில் வைக்கோல் போட்டு, இருட்டிய பிறகு முட்டையை வையுங்கள். பெரியவர்கள் இரும்புத் துண்டும் கரியும் போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. அதே ராத்திரி பெட்டியிலும் முட்டை வையுங்கள். 21-ஆம் நாள் இரண்டும் ஒன்றாகப் பொரியும். பெட்டிக் குஞ்சு ஈரம் காய்ந்ததும் அன்றிரவே கோழியின் இறக்கைக்கடியில் தள்ளிவிடுங்கள். பதினைந்து குஞ்சு வரை அது பார்த்துக்கொள்ளும், மழைக்காலத்தில் பல்பு, கரண்ட் என்று நீங்கள் அலைய வேண்டாம்.

குஞ்சு பொரிந்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து விட வேண்டும். விடாவிட்டால் வெள்ளைக்கழிச்சல் ஒரே வாரத்தில் மொத்தக் குஞ்சையும் கொண்டுபோய்விடும். எட்டாவது வாரம் அதே நோய்க்கு இறக்கையில் தடுப்பூசி. லசோட்டா குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுக்கும் அதற்கு மேலும்தான் வருகிறது. பத்துக் குஞ்சு வளர்க்கும் வீடுகள்தான் கிராமத்தில் அதிகம். அவர்களுக்கேற்ற சின்னக் குப்பி கடையில் கிடைப்பது கஷ்டம். அதனால் தெருவில் கோழி வைத்திருக்கும் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடுங்கள். கலக்கிய மருந்தை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் விட்டு முடித்துவிட வேண்டும். கடைக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஐஸோடு தராவிட்டால் அந்தக் குப்பியை வாங்காதீர்கள்.