2 ஜிபி வீடியோ அப்லோடு ஆகும்போது நோடு (ஜாவாஸ்கிரிப்டில் ஓடும்) சர்வர் விழுந்துவிடுகிறது. ரேமைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. இன்று 16 ஜிபி போட்டால், நாளை ஒரே நேரத்தில் எட்டுப் பேர் அனுப்பும்போது மறுபடி விழும். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் ரேமில் சில கேபி துண்டுகள்தான் இருக்க வேண்டும்.

நோடுக்கான எக்ஸ்பிரஸ் ஃப்ரேம்வொர்க், அதில் அப்லோடை வாங்கும் மல்ட்டர், மல்ட்டரில் மெமரி ஸ்டோரேஜ்: உங்களிடம் இதுதான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அது முழுக் கோப்பையும் ரேமில் சேர்த்து, கடைசியில் துண்டுகளை ஒட்டும்போது ஒரு கணம் இரண்டு மடங்கு கேட்கும். அந்தத் துண்டுகளை வைக்கும் பஃபர்கள், நோடின் ஜாவாஸ்கிரிப்ட் என்ஜினான வி8 தன் பொருள்களை வைக்கும் ஹீப்புக்கு வெளியே இருப்பதால் ஹீப் அளவை உயர்த்தியும் பயனில்லை.

மல்ட்டரின் டிஸ்க் ஸ்டோரேஜுக்கு மாறுங்கள். அல்லது அப்லோடைப் பிரித்துத் தரும் பஸ்பாய் லைப்ரரியின் ஸ்ட்ரீமை (துண்டு துண்டாக வரும் டேட்டாவை) நேரே கோப்பில் எழுதுங்கள். "ஸ்ட்ரீம் போட்டும் ரேம் ஏறுகிறதே" என்று ஒருவர் வருவார், தெரியும். ஒவ்வொரு துண்டு வரும்போதும் எழும் டேட்டா ஈவென்டில், கோப்பில் எழுதும் ரைட்டை அழைத்துவிட்டு, அது ஃபால்ஸ் (கொஞ்சம் பொறு) சொல்வதைக் கவனிக்காமல் விட்டால் ஏறத்தான் செய்யும். நெட்வொர்க் கொட்டும் வேகத்துக்கு டிஸ்க் ஈடுகொடுக்காதபோது மிச்சமெல்லாம் ரேமில்தான் குவியும். நோடின் பைப்லைன் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் அதுவே நிறுத்தி நிறுத்தி வாங்கும். இணைப்பு அறுந்தால் ஸ்ட்ரீம்களை மூடும். பாதி எழுதிய கோப்பை அழிப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

எழுதும் இடத்தையும் பாருங்கள். டிஸ்க் விவரம் காட்டும் டிஎஃப் கமாண்டில் டெம்ப் ஃபோல்டர் டிஎம்பிஎஃப்எஸ் (ரேமில் இயங்கும் ஃபைல் சிஸ்டம்) என்று வந்தால் அதுவும் ரேம்தான். வேறு ஃபோல்டர் கொடுங்கள்.

உங்கள் ஆப்புக்கு முன்னால் ரிக்வெஸ்டை வாங்கித் தரும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இருந்தால் அதன் இயல்பான அப்லோடு வரம்பு 1 எம்பி, தாண்டினால் 413 எரர் (ரிக்வெஸ்ட் மிகப் பெரிது). அப்லோடு பாதைக்கு மட்டும் உயர்த்துங்கள், தளம் முழுக்க வேண்டாம். என்ஜின்எக்ஸ் முழு பாடியையும் (அனுப்பிய டேட்டாவை) தற்காலிகக் கோப்பில் வாங்கிய பிறகுதான் உங்கள் ஆப்புக்குத் தரும் என்பதால் டிஸ்கில் இரண்டு முறை எழுதப்படும். இப்படிச் சேர்த்து வைக்கும் ரிக்வெஸ்ட் பஃபரிங்கை நிறுத்தலாம், ஆனால் மெதுவான கிளையன்ட் ஒவ்வொன்றும் உங்கள் ஆப்பின் இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"அமேசானின் கிளவுட் ஸ்டோரேஜான எஸ்3-க்கு நேரடியாக அனுப்பினால் போதுமே" என்பவர்களுக்கு: முடிந்தால் அதுவே மேல். கேள்வி சொந்த சர்வரைப் பற்றியது. எஸ்3 மல்டிபார்ட் அப்லோடில் (கோப்பைத் துண்டுகளாக அனுப்புவதில்) கடைசித் துண்டு தவிர மற்றவை குறைந்தது 5 எம்பி, மொத்தம் 10,000 துண்டுகள் வரை. பாதியில் நின்ற அப்லோடுகளுக்கும் பில் வரும். அவற்றைத் தானாக நீக்க எஸ்3-இல் லைஃப்சைக்கிள் ரூல் வையுங்கள்.

கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். வீடியோவை பேஸ்64 ஆக்கி (எழுத்துகளாக மாற்றி) ஜேசான் டெக்ஸ்டுக்குள் திணித்து அனுப்பும் மொபைல் டெவலப்பர்களை யார் திருத்துவது? அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வழக்கமான ஜேசான் பார்சர் முழுதும் வந்து சேராமல் வேலையைத் தொடங்காது. மேலே சொன்ன எதுவும் அங்கே செல்லாது. முதலில் சாதாரண ஃபைல் அப்லோடு முறையான மல்டிபார்ட் ஃபார்ம் டேட்டாவுக்கு (எஸ்3-இன் மல்டிபார்ட் அல்ல) மாற்றச் சொல்லுங்கள்.