ஒன்றா, நான்கா: உங்கள் மகளிடம் குறையில்லை

வணக்கம். இரண்டு டப்பாக்களில் ஒன்றில் ஒரு பிஸ்கட்டும் மற்றதில் நான்கும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினால், பதினொரு மாத மகள் பல நேரம் ஒன்று இருக்கும் டப்பாவுக்கே தவழ்கிறாள், எண்ணறிவில் குறையோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் கவலை வேண்டாம்.

ஏறக்குறைய இதே சோதனையை உளவியல் ஆய்வாளர் லிசா ஃபைகன்சன் குழுவினர் 10, 12 மாதக் குழந்தைகளிடம் செய்து 2002இல் வெளியிட்டார்கள். ஒன்றா இரண்டா, இரண்டா மூன்றா என்றபோது பெரும்பாலான குழந்தைகள் அதிகமுள்ள பக்கம் போயின. இரண்டா நான்கா என்றதும் தடுமாறின. பிந்தைய சோதனையில் ஒன்றா நான்கா என்பதிலும் அப்படித்தான்! கண்ணில் படாத பொருள்களைத் தனித்தனியாக நினைவில் பிடித்துவைக்க அந்த வயதில் மூன்றுதான் எல்லை. நான்காவது விழுந்ததும் பிடி நழுவிவிடுகிறது.

பெரிய எண்ணிக்கைகளைத் தோராயமாக மதிப்பிடும் உணர்வு வேறு. ஆறு மாதக் குழந்தைகள் 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் பிரித்தறிகின்றன. 8, 12 என்றால் முடிவதில்லை.

ஒன்று, இரண்டு என்று வைத்துப் பாருங்கள். அப்போதும் சில முறை மாறிப் போகலாம். ஆய்வு முடிவுகள் பல குழந்தைகளின் பொதுப் போக்கைச் சொல்பவை. ஒரு குழந்தையை அளக்கும் தேர்வு அல்ல.