ரொறன்ரோவில் பள்ளிக்கூடம்: அனுப்பலாம், ஆனால் பதினாலு நாளுக்கு ஆயத்தமாக இருங்கோ

தங்கச்சி,

நீங்கள் கேட்டது இது: நவம்பர் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபுறோவுக்குக் கணவரிடம் வந்து சேர்ந்து, பதினாலு நாள் தனிமைப்படுத்தலும் முடிந்துவிட்டது. மகளுக்கு இரண்டாம் வகுப்பு, மகனுக்குப் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு நேரே அனுப்புவதா, வீட்டில் இருத்தி இணையவழியில் படிப்பிப்பதா? என்ன செலவு வரும்? ஜனவரியில் நீங்களும் வேலைக்குப் போகலாமா?

இன்றைக்கு 2020 டிசம்பர் 8. நவம்பர் 23இலிருந்து ரொறன்ரோ கொரோனா முடக்கத்தில் இருக்கிறது, பள்ளிக்கூடங்கள் மட்டும் திறந்திருக்கின்றன. இது எத்தனை நாளைக்கு என்று கேட்டால் கல்விச் சபைக்கும் தெரியாது. ஆகவே சின்னவளை அனுப்புங்கோ, ஆனால் எந்த ஞாயிற்றுக்கிழமை இரவும் "நாளைக்கு வரவேண்டாம்" என்று மின்னஞ்சல் வரலாம் என்று வைத்துக்கொண்டு காசையும் வேலை நேரத்தையும் ஒழுங்குபடுத்துங்கோ. மாஸ்க்குக்கும் சவர்க்காரத்துக்கும் போகிற காசு சில்லறை. பிள்ளை வீட்டில் நிற்கிற நாளில் தாயோ தகப்பனோ இழக்கிற சம்பளம்தான் உண்மையான செலவு.

முதலில் பதிவு. பிறப்புச் சான்று, நிரந்தர வதிவிடத் தாள், வீட்டு முகவரிக்கு ஆதாரம், தடுப்பூசி அட்டை ஆகிய நாலும் வேண்டும். தடுப்பூசியில் எங்கள் ஆட்கள் வழக்கமாக மாட்டுப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. இலங்கையில் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) முதல் ஊசி ஒன்பதாம் மாதத்தில் போடுகிறார்கள். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டப்படி முதலாவது பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதுதான் கணக்கு. அதனால் முதல் ஊசியை ஒன்பதாம் மாதத்தில் போட்டிருந்தால், அட்டையில் இரண்டு ஊசி இருந்தாலும் இங்கே ஒன்றுதான் எண்ணப்படும். 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் ஊசியும் கட்டாயம், அது ஊரில் அரசாங்க அட்டவணையில் இல்லை. குடும்ப வைத்தியரிடம் இப்போதே நேரம் எடுத்து, போட்ட பிறகு பொதுச் சுகாதாரப் பகுதிக்கு நீங்களே விவரம் அனுப்பவேண்டும். வைத்தியர் அனுப்பிவிடுவார் என்று இருந்துவிடாதீர்கள். சுகாதார அட்டைக்கு வழக்கமாக இருந்த மூன்று மாதக் காத்திருப்பைக் கொரோனாவுக்காக மார்ச்சிலிருந்து நீக்கியிருக்கிறார்கள், ஆகவே அதற்கும் உடனே விண்ணப்பியுங்கோ.

மகளின் விஷயம். ஆரம்பப் பள்ளிக்கூடம் ஐந்து நாளும் முழுநேரமாக நடக்கிறது. நாள் முழுக்க ஒரே வகுப்புக் கூட்டம், சாப்பாடும் பெரும்பாலும் அதே மேசையில். இணையவழி என்றால் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 225 நிமிடம் ஆசிரியருடன் நேரலையில் இருக்கவேண்டும் என்பது மாகாண விதி. ஆங்கிலம் இன்னும் பிடிபடாத ஏழு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் திரைக்கு முன்னால் இருந்தால், பக்கத்தில் நீங்களும் இருக்கவேண்டி வரும். அவள் ஆங்கிலம் பிடிக்கப்போவது விளையாட்டு நேரத்தில், மற்றப் பிள்ளைகளின் வாயிலிருந்து. அது திரையில் கிடைக்காது. வீட்டில் வயதானவரோ நோயாளியோ இருந்தால் கணக்கு வேறு. உங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இணையவழியில் சேர்த்துவிட்டு நினைத்த நாளில் மாற்றவும் முடியாது. குறித்த சில திகதிகளில்தான் மாறலாம். நூறு பிள்ளை மாறினால் வகுப்புகளைக் கலைத்து மறுபடி அடுக்கவேண்டும், ஆசிரியரும் மாறுவார். அடுத்த திகதி எது என்று பதியும்போதே கேளுங்கோ.

"வகுப்பில் இருபதுக்கு மேல் பிள்ளைகள், இடைவெளி எங்கே?" என்றும் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஜூலை 30இல் மாகாண அரசு மீள்திறப்புக்கு அறிவித்தது 309 மில்லியன் டொலர். ஒன்ராறியோவில் ஏறக்குறைய 20 இலட்சம் மாணவர்கள், ஆகவே தலைக்கு 150 டொலர் அளவில் வரும். அதில் ஆசிரியர்களைக் கூட்ட ஒதுக்கியது 30 மில்லியன்தான். மாஸ்க் முதலிய பாதுகாப்புப் பொருட்களுக்கு 60 மில்லியன், 500 தாதியருக்கு 50 மில்லியன், பஸ் துப்புரவுக்கு 40 மில்லியன். ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை ஒன்று மட்டுமே ஆரம்ப வகுப்புகளைப் பதினைந்து பேர் அளவுக்குக் குறைக்கக் கணக்குப் போட்டபோது, கிட்டத்தட்ட 2,500 ஆசிரியரும் 250 மில்லியன் டொலரும் தேவைப்பட்டது. பிறகு கையிருப்பை உடைக்கச் சபைகளுக்கு அனுமதி வந்தது, ஓகஸ்ட் கடைசியில் மத்திய அரசு 763 மில்லியன் வரை தருவதாகச் சொன்னது. ஆனால் செப்டம்பரில் திறக்கவேண்டிய பள்ளிக்கூடத்துக்கு ஓகஸ்ட் கடைசியில் வருகிற காசால் கட்டடமும் முளைக்காது, ஆசிரியரும் முளைக்கமாட்டார். அதனால்தான் இடைவெளிக்குப் பதிலாக மாஸ்க், திறந்த யன்னல், ஒரே கூட்டம் என்று நடத்துகிறார்கள். பதியும்போது, அவள் சேரப்போகிற வகுப்பில் எத்தனை பேர், அறையில் காற்றுச் சுத்திகரிப்பான் இருக்கிறதா என்று அதிபரிடம் நேரே கேட்கலாம். இங்கே அப்படிக் கேட்பதை ஒருவரும் மரியாதைக் குறைவாக எடுக்கமாட்டார்கள்.

திறந்த யன்னல் என்றதும் உடுப்பு. மாகாண விதி நாலாம் வகுப்பிலிருந்துதான் மாஸ்க் என்கிறது, ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை பாலர் வகுப்பிலிருந்தே கேட்கிறது. மூன்று அடுக்குத் துணி மாஸ்க் ஒரு நாளுக்கு மூன்று வேண்டும்: போகும்போது ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று, மேலதிகமாக ஒன்று. குளிரில் வெளியே விளையாடினால் மூச்சு ஈரத்தில் துணி நனைந்துவிடும், நனைந்ததோடு வகுப்பில் இருக்கவிடாதீர்கள். ஒன்றுவிட்டொரு நாள் தோய்த்தால் அவளுக்கு ஆறு போதும். சுத்தமானது ஒரு கடதாசிப் பையில், பாவித்தது இன்னொன்றில், எல்லாவற்றிலும் பெயர். வகுப்பு குளிரும், ஆகவே ஜக்கெற்றுக்குள் கழற்றிப் போடக்கூடிய இரண்டு மெல்லிய உடுப்பு, பனிக் காற்சட்டை, பூட்ஸ், இரண்டு சோடி கையுறை. முடக்கத்தில் சின்னக் கடைகள் வாசலில் வைத்துத்தான் பொருள் தருகின்றன. உள்ளே போய் அளவு பார்த்து வாங்க வோல்மார்ட், கொஸ்கோ போன்றவைதான் திறந்திருக்கின்றன. தண்ணீர்க் குழாயில் வாய் வைத்துக் குடிக்க விடமாட்டார்கள், போத்தல் கொடுத்துவிடுங்கோ. சாப்பாட்டைச் சூடாக்கித் தரமாட்டார்கள், நேரமும் குறைவு. சோறு கறி பிசைந்து சாப்பிட அவளுக்கு அவகாசம் கிடையாது. சுருட்டிய ரொட்டி, இடியப்பப் புரியாணி மாதிரி கரண்டியோடு முடிகிறது, வாய் அகன்ற தேர்மஸ், இவை நல்லது.

இனி அடிக்கடி பிழைவிடுகிற இடம், தடிமன். ஒவ்வொரு காலையும் அறிகுறிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் அனுப்பவேண்டும். காய்ச்சல் 37.8 அல்லது அதற்கு மேல், புதிய இருமல், மூச்சுக் கஷ்டம், மணமோ ருசியோ தெரியாமல் போவது: இதில் ஒன்று இருந்தாலே வீட்டில் நிறுத்தி வைத்தியரோடு கதைக்கவேண்டும், பரிசோதனை வேண்டிவரும். மூக்கால் ஓடுவது, தலையிடி, தொண்டை நோ போன்றவற்றில் ஒன்று மட்டும் என்றால் 24 மணி நேரம் வீட்டில் வைத்துப் பார்த்து, குறைந்தால் பரிசோதனை இல்லாமலே அனுப்பலாம். ஒக்டோபர் 1இல்தான் இப்படித் தளர்த்தினார்கள். அதற்கு முன் ஒரு மூக்கொழுகலுக்கே பரிசோதனை வரிசை தெருவைச் சுற்றியது. இரண்டு அறிகுறி சேர்ந்தால் பரிசோதனைதான். ஒக்டோபர் 6இலிருந்து நேரம் பதிந்துதான் போகலாம். கொத்தமல்லி அவித்துக் கொடுங்கோ, அதில் பிழையில்லை. ஆனால் காய்ச்சல் மருந்து கொடுத்து வெப்பத்தை மறைத்து அனுப்பாதீர்கள், மத்தியானம் மருந்து இறங்க, கூட்டிப்போகச் சொல்லித் தொலைபேசி வரும். வகுப்பில் ஒருவருக்குத் தொற்று என்றால் அந்தக் கூட்டம் முழுவதும் பதினாலு நாள் வீட்டில். இடையில் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் பதினாலு நாள் பதினாலு நாள்தான். போன கிழமை ரொறன்ரோவின் தோர்ன்கிளிஃப் பார்க் பள்ளிக்கூடத்தில் அறிகுறி இல்லாதவர்களையும் சேர்த்துப் பரிசோதித்தபோது 433 பேரில் 19 பேருக்குத் தொற்று, பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். தேடிப் பார்க்கிற இடத்தில் கூடுதலாகத் தொற்று கிடைக்கும். ஆகவே உங்கள் பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை பூச்சியம் என்று போட்டிருப்பதைப் பெரிதாக நம்பவேண்டாம்.

அந்தப் பதினாலு நாள் என்ன விலை? குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 14.25 டொலர். நாற்பது மணி நேரம் 570, இரண்டு கிழமைக்கு 1,140. இதற்குத்தான் மத்திய அரசின் பராமரிப்பாளர் கொடுப்பனவு: கிழமைக்கு 500, பத்து வீதம் வரியாகப் பிடித்து 450 கையில் வரும். இரண்டு கிழமைக்கு 900. இரண்டையும் வரிக்கு முன் வைத்துப் பார்த்தால் துண்டு விழுவது 140. விதிகளைக் கவனியுங்கோ: பிள்ளை 12 வயதுக்குக் குறைவாக இருக்கவேண்டும். வேலை நேரத்தில் பாதியாவது தவறியிருக்கவேண்டும். ஒரு வீட்டில் ஒரு கிழமைக்கு ஒருவர்தான் எடுக்கலாம். கிழமை முடிந்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம். 2019இலோ 2020இலோ அல்லது கடந்த 12 மாதத்திலோ 5,000 டொலராவது உழைத்திருக்கவேண்டும். முதலாவதாக விண்ணப்பிக்கிற கிழமை தொடங்குவதற்கு முந்திய நாள் வேலையில் இருந்திருக்கவும் வேண்டும். நீங்கள் ஜனவரியில் வேலை தொடங்கி பெப்ரவரியில் மகளின் வகுப்பு மூடினால், இந்த 5,000 உங்களுக்கு இடிக்கும். கணவர் நின்றால்தான் கொடுப்பனவு. நீங்கள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் அவர் அதைக் கேட்க நியாயம் இல்லை. இணையவழி வேண்டாம், பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, ஆனாலும் பயத்தில் வீட்டில் வைத்தோம் என்றாலும் கிடைக்காது. சம்பளமில்லா விடுப்பு ஒன்று மாகாணச் சட்டத்திலேயே உண்டு. பள்ளிக்கூடம் மூடியதற்காகப் பிள்ளையைப் பார்க்க நின்றால் முதலாளி வேலையை விட்டு நிறுத்தமுடியாது. கணவர் மேற்பார்வையாளரிடம் இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது. உங்களுக்கு என் எண்ணம், ஜனவரி கடைசி வரை பொறுத்து, முடிந்தால் மாலை நேர வேலையாகப் பாருங்கோ. இருவரும் பகல் வேலை என்றால் பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் பார்க்கும் நிலையத்துக்கு மாதம் சில நூறு டொலர் போகும். அங்கே பல வகுப்புப் பிள்ளைகள் கலப்பதால் ஒரே கூட்டம் என்ற காவலும் உடையும்.

வருகிற காசையும் விடாதீர்கள். பிள்ளைகள் கொடுப்பனவுக்கு ஆர்.சி.66 படிவத்தோடு, புதிதாக வந்தவர்களுக்கான ஆர்.சி.66.எஸ்.சி.எச். படிவத்தையும் சேர்த்து அனுப்பவேண்டும். இரண்டாவதை மறந்தால் மாதக்கணக்கில் இழுபடும். ஆறு முதல் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கு உச்சம் 5,708 டொலர். மாகாணம் நவம்பர் 30இலிருந்து 12 வயது வரையான பிள்ளைக்கு ஒருமுறை 200 டொலர் தருகிறது. வருமானம் பார்ப்பதில்லை, பள்ளிக்கூடப் பெயரும் வங்கிக் கணக்கும் கொடுத்து ஜனவரி 15க்கு முன் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மகளுக்கு உண்டு, மகனுக்கு வயது கடந்துவிட்டது.

மகன் பாடுதான் சிக்கல். உயர்நிலைப் பள்ளியில் ஆண்டை நாலு காற்பருவமாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு காற்பருவத்தில் இரண்டு பாடம் மட்டும். பதினைந்து பேர் அளவில் ஒன்றுவிட்டொரு நாள் காலையில் போய், மத்தியானம் வீட்டிலிருந்து இணையவழி. இரண்டாவது காற்பருவம் நவம்பர் பிற்பகுதியில் தொடங்கிவிட்டது. இதில் ஒரு நாள் தவறினால், ஒரு பாடத்தைப் பொறுத்தவரை பழைய முறையில் ஒரு நாளுக்கு மேல் தவறியதற்குச் சமம். வழிகாட்டி ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேளுங்கோ: ஆங்கிலமும் கணக்கும் மட்டப் பரிசோதனைக்கு எப்போது நேரம் தருவார்கள், இப்போது இடையில் நுழைப்பதா மூன்றாம் காற்பருவத்தில் தொடங்குவதா. ஊரில் படித்த தேர்ச்சி அறிக்கைகளை மொழிபெயர்த்துக் கொடுத்தால் டிப்ளோமாவுக்கு வேண்டிய 30 அலகில் சிலவற்றை அதிபர் தரலாம். அவனுக்குத் தனி லப்ரொப் கட்டாயம், தொலைபேசியில் கட்டுரை எழுத முடியாது. வாங்குவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் இரவல் கேளுங்கோ. "தேவை இல்லை" என்று வெட்கத்தில் சொல்லிவிட்டால் பெயர் பட்டியலில் இருந்து போய்விடும்.

நத்தார் விடுமுறையை நீட்டப்போவதில்லை என்று கல்வி அமைச்சர் நவம்பர் 18இல் சொன்னார். இன்றைய தொற்று எண்ணிக்கையைப் பார்த்தால் நான் அதை நம்பி வேலை நேரம் ஒப்புக்கொள்ளமாட்டேன். விடுமுறைக்கு முன் கடைசி நாளான டிசம்பர் 18 வெள்ளிக்கிழமைக்குள் மகள் சேர்ந்துவிட்டால், அன்று மேசையில் இருக்கும் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கோ: கொப்பி, வாசிப்புப் புத்தகம், உள்ளே போடும் சப்பாத்து, முக்கியமாகக் கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய அந்தச் சின்னத் தாள். அந்தத் தாளை ஒரு படம் பிடித்துத் தொலைபேசியில் வைத்துவிடுங்கோ.