நியூஸ் கார்டை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: பெரிய சேனல்களின் லோகோவோடு வாட்ஸ்அப்பில் வரும் நியூஸ் கார்டுகளில் அசல் எது, போலி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: லோகோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய கார்டில் இருக்கும் வரிகளை அழித்து வேறு வரிகளைப் போட ஒரு போன் போதும். கார்டில் உள்ள தேதியைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அதே நாளின் பதிவுகளைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் பெரும்பாலும் போலிதான். சில சமயம் நிறுவனமே வெளியிட்டுவிட்டு நீக்கியிருக்கும். அதுவும் பகிரக் கூடாததுதான். எழுத்துரு மாறியிருப்பது, அழித்த இடத்தில் நிறம் திட்டாகத் தெரிவது எல்லாம் துணைச் சான்றுகளே. நேர்த்தியாகச் செய்த போலியில் இவை இருக்காது. தேதியே இல்லாத கார்டைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: எப்போதோ எடுத்த வீடியோவை நேற்று நடந்தது என்று போடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, கொஞ்சம் பொறுமை வேண்டும். வீடியோவை மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கூட்டம் மட்டும் தெரியும் காட்சி உதவாது. பெயர்ப்பலகை, கட்டடம், சீருடை தெரிகிற காட்சியாகப் பாருங்கள். மேலே ஒட்டிய எழுத்துகளையும் லோகோவையும் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தேடுபொறி அவற்றையே பிடித்துக்கொள்ளும். பிறகு கூகுள் லென்ஸில் தேடுங்கள். டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தலாம். ஒரே ஒரு பழைய பதிவு கிடைத்தாலும் 'நேற்று' என்பது பொய்யாகிவிடும்.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதற்காக வீடியோ புதிது என்று எண்ணிவிடாதீர்கள். தேடலில் சிக்காமல் இருக்க இடவலமாகத் திருப்பிப் போடுவதுண்டு. பலகை எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் படத்தைத் திருப்பி மறுபடி தேடுங்கள். போனில் காட்டும் கோப்புத் தேதியை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் உங்களுக்கு வந்து சேர்ந்த தேதி. படமாக அனுப்பும்போது, எடுத்த நாள், இடம் போன்ற விவரங்களை வாட்ஸ்அப் நீக்கிவிடுகிறது.

கேள்வி: சரியான செய்தியை விடப் பொய் ஏன் வேகமாகப் பரவுகிறது?

பதில்: 2018-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அலசியது. உண்மைச் செய்தி 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் எடுத்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்களே. பொய்க்குப் புதுமையும் அதிர்ச்சியும் இருக்கின்றன. நிருபர் இரண்டாவது ஆளிடம் உறுதிசெய்வதற்குள் அது ஊரைச் சுற்றிவிடுகிறது.

கேள்வி: யாரைப் பின்தொடரலாம்?

பதில்: தவறு நேர்ந்தால் அதே பதிவில் திருத்தம் போடுபவர்களை. சத்தமில்லாமல் நீக்குபவர்களை விட்டு விலகுங்கள். குற்றச்சாட்டு என்றால் எதிர்த்தரப்பின் பதில் இருக்கிறதா, அறிக்கை என்றால் மூல ஆவணத்துக்கு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 'வட்டாரங்கள் கூறுகின்றன' என்று தினமும் எழுதுகிற கணக்கின் பழைய பதிவுகள் பத்தைத் திறந்து, அவற்றில் எத்தனை பின்னர் உறுதியாயின என்று எண்ணிப் பாருங்கள்.