தானியத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

கேள்வி: தானியம் என்பது வெறும் மாவுச்சத்து. புல் விதையைத் தின்ன மனித உடல் படைக்கப்படவே இல்லை. நான் தானியங்களை அடியோடு விட்டுவிட்டு இறைச்சி, முட்டைக்கு மாறினேன். எடை நன்றாகக் குறைந்தது. என் பிள்ளைகளுக்கும் நிறுத்தப் போகிறேன். உலகமே இப்படி மாறிவிட்டால் நோயே இருக்காது அல்லவா?

பதில்: உங்கள் எடை குறைந்ததில் மகிழ்ச்சி. நீங்கள் என்ன சாப்பிடுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் உலகத்துக்கே அதைச் சிபாரிசு செய்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

இன்று 800 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறோம். மனிதர்களுக்கு உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் கிட்டத்தட்ட பாதி தானியங்களிலிருந்துதான் வருகிறது. அதிலும் பெரும்பகுதி அரிசி, கோதுமை, மக்காச்சோளம் என்ற மூன்றே மூன்றிலிருந்து. இதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இறைச்சியை வைக்கச் சொல்கிறீர்கள். சரி, அந்தக் கோழி எதைத் தின்று வளர்கிறது? உலகில் விளையும் தானியத்தில் மூன்றில் ஒரு பங்கு போல ஏற்கெனவே கால்நடைத் தீவனமாகத்தான் போகிறது. பண்ணைக் கோழி ஒரு கிலோ எடை கூட ஏறக்குறைய 2 கிலோ தீவனம் வேண்டும். தானியம் போட்டுக் கொழுக்க வைக்கும் மாட்டுக்கு அதைவிடப் பல மடங்கு. நீங்கள் கைவிட்டதாக நினைக்கும் தானியம் இறைச்சி வழியாக, முன்பைவிடக் கூடுதலாக, உங்களுக்காகச் செலவாகிக்கொண்டிருக்கிறது.

உடல் இதற்காகப் படைக்கப்படவில்லை என்கிறீர்கள். இஸ்ரேலில் கலிலேயா ஏரிக்கரையில் ஓகாலோ என்ற இடத்தில் சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர்கள் காட்டு வாற்கோதுமையை (பார்லி) சேகரித்து, கல்லில் வைத்து அரைத்திருக்கிறார்கள். பயிர்த்தொழில் தொடங்க இன்னும் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் இருந்த காலம் அது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதி நம் எச்சிலிலேயே ஊறுகிறது.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தானியத்தையே பெரிதும் நம்பி வாழத் தொடங்கிய ஆதி விவசாயிகள் பலரின் எலும்புகளில் உயரக் குறைவும், பற்களில் சொத்தையும் தெரிகின்றன. ஒரே பயிரைக் கட்டிக்கொண்டு அழுததற்கு உடல் கொடுத்த விலை அது. அப்படியிருந்தும் மனிதர்கள் ஏன் தானியத்தை விடவில்லை? காய்ந்துபோனாலும் கெடாது என்பதால்தான். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நன்றாக உலர்த்திய தானியத்தில் ஈரம் நூற்றுக்கு 12, 13தான். பூச்சியும் ஈரமும் அண்டாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த அறுவடை வரைக்கும் தாங்கும், அதற்கு மேலும் தாங்கும். மழை பொய்த்த ஆண்டில் உயிர் காத்தது அந்தச் சேமிப்பு.

இப்போது உங்கள் 'வெறும் மாவுச்சத்து'க்கு வருகிறேன். தீட்டிய அரிசி ஒன்றை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பாருங்கள். ஒரு முனையின் ஓரத்தில், யாரோ கடித்து எடுத்த மாதிரி சின்னப் பள்ளம் தெரியும். கரு இருந்த இடம் அது. முளைத்துச் செடியாக வேண்டிய பகுதி. எண்ணெய்ச் சத்து, வைட்டமின் எல்லாம் செறிந்த இடம். அரிசி வெள்ளையாக வேண்டும் என்பதற்காக அதையும் தவிட்டையும் சேர்த்து நாம்தான் சுரண்டி எறிந்தோம். நாமே உரித்துவிட்டு, பிறகு தானியத்தில் ஒன்றுமில்லை என்று பழி சொல்வது எந்த ஊர் நியாயம்?

இந்தச் சுரண்டலுக்கு மனிதர்கள் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய இந்தோனேசியாவின் ஜாவா தீவில், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் வாட்டிக்கொண்டிருந்தபோது, டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய அரிசி போட்ட கோழிகள் கால் தள்ளாடிச் சாய்ந்தன; தீட்டாத அரிசி போட்டதும் எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்த தயாமின் என்ற வைட்டமின்தான் காரணம் என்பது பிற்பாடு தெரிந்தது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்துக் காயவைத்துப் பிறகு அரைத்துச் சாப்பிட்டவர்களிடம் இந்த நோய் குறைவு. அவிக்கும்போதே சத்து உள்ளே இறங்கிவிடுகிறது.

மக்காச்சோளத்திலும் இதே கதைதான். மெக்சிகோவின் பழங்குடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துச் சாப்பிட்டார்கள். அதில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் அப்போதுதான் உடலில் சேரும். பயிரை மட்டும் கொண்டுபோய், பக்குவத்தை விட்டுவிட்ட இடங்களில் நியாசின் குறைவால் தோல் வெடித்து, வயிறும் மூளையும் கெடும் பெல்லாக்ரா நோய் ஏழைகளைப் பிடித்தது.

தானியம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது; தானியப் புரதத்தில் அவற்றில் ஒன்றான லைசின் குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைத் தானியம் ஈடு செய்கிறது. இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் கவலை இல்லை.

நீங்கள் தானியத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு நிறுத்தப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஓடி விளையாடும் வயது. தவிடு போகாத தானியம், அதோடு பருப்பு, காய், முட்டை எல்லாம் கலந்து கொடுங்கள். அப்படியும் சந்தேகம் இருந்தால் நிறுத்துவதற்கு முன்னால் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.