நூலக மின்னூலை ஆஃப்லைனில் படிக்க: வாசகர் கேள்விகள்

நூலக மின்னூல்களை இரவல் எடுக்க உதவிய பழைய ஓவர்டிரைவ் செயலி இப்போது வேலை செய்யவில்லை. அதில் முன்பதிவு செய்த புத்தகங்கள் எல்லாம் போய்விட்டனவா?

போகவில்லை. 2022 பிப்ரவரியில் அந்தச் செயலியை ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுத்தார்கள், 2023 மே மாதத் தொடக்கத்தில் முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். அதே நிறுவனத்தின் லிப்பி செயலியில் உங்கள் நூலக அட்டை எண்ணைச் சேருங்கள். இரவலும் முன்பதிவும் அட்டையின் கணக்கில் இருப்பதால் அப்படியே வந்துவிடும். விருப்பப் பட்டியல் மட்டும் தானாக வராது.

லிப்பியில் எடுத்த நாவல் விமானத்தில் பாதியில் நின்றுவிட்டது. ஏன்?

புத்தகம் முழுதாக இறங்கியிருக்காது. வைஃபை இருந்தால் மட்டுமே டவுன்லோடு செய்வதுதான் லிப்பியின் வழக்கமான அமைப்பு. மொபைல் டேட்டாவில் இரவல் எடுத்துத் திறந்தால், படிக்கப் படிக்கத்தான் பக்கங்கள் வரும். புறப்படும் முன் வீட்டிலேயே ஏரோபிளேன் மோடு போட்டுக் கடைசி அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். அது திறந்தால் கவலையில்லை. இரவல் தேதி முடிந்தால் இணையம் இல்லாவிட்டாலும் புத்தகம் மூடிக்கொள்ளும். அதனால் நீண்ட பயணத்துக்கு முன் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியில் ஆஃப்லைனில் படிக்க வழி உண்டா?

உண்டு, கொஞ்சம் சுற்றுவழி. பிரவுசரில் திறக்கும் லிப்பிக்கு இணையம் வேண்டும். ஆஃப்லைனுக்கு அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஓர் அடோபி கணக்கால் கணினியை அங்கீகரியுங்கள். பிறகு லிப்பியின் இணையதளத்தில் அந்த இரவலுக்கு ஈபப் என்ற மின்னூல் கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இறங்குவது ஏசிஎஸ்எம் என்று முடியும் மிகச் சிறிய கோப்பு. அதைத்தான் புத்தகம் என்று எண்ணிப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். அது வெறும் அனுமதிச் சீட்டு. இணையம் இருக்கும்போதே அதை அடோபி மென்பொருளில் திறந்தால்தான் உண்மையான நூல் வந்து சேரும். அங்கிருந்து யுஎஸ்பி வழியாக நூக், கோபோ போன்ற மின்னூல் வாசிப்புக் கருவிகளுக்கும் மாற்றலாம். கணினி, கருவி இரண்டிலும் ஒரே அடோபி கணக்கு இருக்க வேண்டும், வேறாக இருந்தால் நூல் திறக்காது. சீக்கிரம் படித்து முடித்தால் அந்த மென்பொருளிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வரிசையில் காத்திருப்பவருக்குச் சில நாள் முன்னதாகக் கிடைக்கும்.

கோபோவுக்கும் கணினி வேண்டுமா?

ஓவர்டிரைவ் சேவை உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் வேண்டாம் (நின்றுபோனது பழைய செயலி மட்டும்தான்). நூலக அட்டையை இணைத்து, வைஃபையில் ஒருமுறை சிங்க் செய்தால் போதும். ஒலிநூல்கள் மட்டும் இந்த வழியில் வராது.

அமெரிக்காவில் இருக்கும் அம்மாவிடம் வைஃபை இல்லாத பழைய கிண்டில் இருக்கிறது. நூலகப் புத்தகத்தை முன்புபோல யுஎஸ்பியில் ஏற்ற முடியவில்லையே?

அந்த வழியைக் கிண்டிலை விற்கும் அமேசான் 2025 பிப்ரவரி 26 முதல் எடுத்துவிட்டது. முதல் இரண்டு தலைமுறைக் கிண்டில்களில் வைஃபையே கிடையாது, அவை நம்பியிருந்த 3ஜி சேவையும் அங்கே நின்றுபோனது. ஆகவே அந்தக் கருவிக்கு நூலக இரவல் இனி வராது. நன்றாக ஓடும் ஒரு கருவியை இப்படி ஒதுக்கிவைத்தது சரியல்ல என்பதே என் கருத்து. வயதானவர்களுக்குப் பழகிய பொத்தான்களை விட்டு வருவது எளிதல்ல. ஏற்கெனவே வாங்கி அதில் ஏற்றிய புத்தகங்களை அம்மா தொடர்ந்து படிக்கலாம். இரவலுக்கு வைஃபை உள்ள கிண்டில் ஒன்று வேண்டும். அதை நூலகத்துக்கே எடுத்துப் போய் அங்குள்ள வைஃபையில் இறக்கிக்கொண்டால், வீட்டில் இணையம் இல்லாமலே படிக்கலாம்.