ஆஸ்பத்திரியில் யாரிடம் என்ன கேட்பது? வாசகர் கேள்வி-பதில்

வார்டில் படுத்திருந்தவர்களும் அவர்களுக்குத் துணைக்கு இருந்தவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பலரின் குறையும் ஒன்றுதான்: கேட்க விஷயம் இருக்கிறது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் உரிமை என்ன என்பதோடு, எந்த ஆளிடம் போய் நிற்கவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் தகவல், ஒப்புதல், ரகசியம், இன்னொரு மருத்துவரின் கருத்து போன்றவை உலக மருத்துவச் சங்கம் 1981-ல் லிஸ்பனில் ஏற்று, பின்னர் திருத்திய நோயாளி உரிமைப் பிரகடனத்திலேயே இருக்கின்றன.

கேள்வி: அப்பாவுக்கு மறுநாள் காலை ஆபரேஷன். ராத்திரி ஒரு படிவத்தை நீட்டி "இங்க, இங்க, இங்க கையெழுத்து போடுங்க" என்றார்கள். படிக்காமலே போட்டுவிட்டேன். இனி ஏதாவது கேட்க முடியுமா?

பதில்: தாராளமாக. ஆனால் முதல் விஷயம், கையெழுத்து போடவேண்டியவர் நீங்கள் இல்லை. அப்பா நினைவோடு, சொன்னால் புரிந்துகொள்ளும் நிலையில் இருந்தால் முடிவு அவருடையது. "வயசானவர், பயந்துடுவார்" என்று மகனிடம் மட்டும் பேசிவிட்டுப் போவது வழக்கமாக இருக்கலாம், முறை அல்ல. நினைவில்லாமல் உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்குக் காத்திருக்காமல் சிகிச்சை தொடங்குவார்கள். அது வேறு.

வயதுவந்த, மனத்தெளிவுள்ள ஒவ்வொருவருக்கும் தம் உடம்புக்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் உரிமை உண்டு என்று நியூயார்க் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ 1914-லேயே எழுதினார். பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோது கட்டியையும் எடுத்துவிட்டார்கள் என்ற வழக்கு அது. (தீர்ப்பு என்னவோ மருத்துவமனைக்குச் சாதகமாகத்தான் வந்தது. நிலைத்து நின்றது அந்த வாசகம்.)

ஆகவே இன்றிரவே நர்ஸிடம் சொல்லுங்கள்: "ஆபரேஷன் செய்கிற டாக்டரோ, அதை நன்றாகத் தெரிந்த அவருடைய குழு டாக்டரோ அப்பாவிடம் பேசவேண்டும்." அப்பா கேட்கவேண்டியவை: என்ன செய்யப்போகிறீர்கள், எதற்காக, என்ன தப்பாகப் போகலாம், வேறு வழி உண்டா, இப்போதைக்கு ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும். இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மயக்க மருந்து நிபுணரிடம் தனியாகப் பேசுவதும் அவசியம். அவர் தரும் மருந்துக்கென்று தனி ஆபத்துகள் உண்டு. திருப்தி இல்லையென்றால், மயக்க மருந்து ஏறும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

காலையில் ஆளுக்கு ஆள் வந்து பெயரையும், எந்தப் பக்கம் ஆபரேஷன் என்பதையும் கேட்பார்கள். "எத்தனை தடவை சொல்றது" என்று அப்பா சலித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் இதுவும் ஒரு படி. ஆள் மாறிப்போவதையும், இடதுக்குப் பதில் வலதில் கத்தி வைப்பதையும் தடுக்கத்தான் இத்தனை கேள்வி. யாருமே கேட்கவில்லை என்றால்தான் கவலைப்படவேண்டும்.

கேள்வி: பாடம் படிக்கும் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று அம்மாவைப் பரிசோதித்தார்கள். மறுத்திருக்கலாமா?

பதில்: மறுக்கலாம். அதற்காகச் சிகிச்சையில் எதுவும் குறையக்கூடாது. "இரண்டு பேர் மட்டும், திரையை இழுத்துவிட்டு" என்று நிபந்தனையும் போடலாம்.

கேள்வி: கணவருக்கு இங்குள்ள மொழி தெரியாது. டாக்டர் சொல்வதை எங்கள் 11 வயதுப் பெண்தான் மொழிபெயர்க்கிறாள். நன்றாகவே செய்கிறாள்.

பதில்: நன்றாகச் செய்தாலும் வேண்டாம். ஒருவேளை அப்பாவுக்கு வந்திருப்பது புற்றுநோய் என்றால், அதை அந்தக் குழந்தைதான் முதலில் கேட்டு, தன் வாயாலேயே அப்பாவிடம் சொல்லவேண்டிவரும். பெரியவர்கள் மொழிபெயர்த்தாலும் சிக்கல்தான்: கெட்ட சேதியை மென்று விழுங்குவார்கள், மருந்தின் அளவைத் தவறாகச் சொல்வார்கள், மனைவி முன்னால் கணவர் சில விஷயங்களைச் சொல்லவே மாட்டார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வார்டில் கேளுங்கள். நேரில் ஆள் இல்லாவிட்டால் தொலைபேசியிலோ வீடியோவிலோ ஏற்பாடு செய்யும் மருத்துவமனைகள் உண்டு. முக்கியமாக ஒப்புதல் வாங்கும்போதும் டிஸ்சார்ஜின்போதும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: வார்டுக்கு ஒரு 'சமூகப் பணியாளர்' வந்தார். நம் வீட்டு விவகாரம் இவருக்கு எதற்கு என்று அனுப்பிவிட்டோம். சரிதானா?

பதில்: திரும்பக் கூப்பிடுங்கள். நானும் அந்த வேலையில் இருப்பவன்தான், அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். 1895-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்ணை இப்படியொரு வேலைக்கு முதன்முதலாக நியமித்தபோது, இலவச சிகிச்சைக்கு யார் தகுதியானவர், யார் இல்லை என்று பிரிப்பதும் அவர் பொறுப்பாக இருந்தது. அந்தப் பழைய சந்தேகம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. இன்றைக்கு எங்கள் வேலை வேறு: பில் கட்ட உதவி எங்கே கிடைக்கும், வாக்கரும் வீல்சேரும் எப்படி வாங்குவது, நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஓய்வு எப்படித் தருவது, வீட்டிலேயே அடி விழுகிறது என்றால் யாரிடம் சொல்வது. பல இடங்களில் டாக்டர் எழுதித்தர வேண்டியதில்லை. நர்ஸிடம் சொன்னாலே வருவோம்.

கேள்வி: அம்மா நேற்றுவரை தெளிவாகப் பேசினார். இன்று சம்பந்தமில்லாமல் உளறுகிறார். "வயசு ஆயிடுச்சுல்ல, எல்லாம் நார்மல்" என்கிறார்கள்.

பதில்: நார்மல் இல்லை. முதியவருக்குத் திடீரென்று குழப்பம் வந்தால் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து, சிறுநீர் அடைப்பு என்று காரணம் ஏதாவது இருக்கும், தேடிப் பார்க்கவேண்டும். படபடப்பு இல்லாமல் ஒரேயடியாகத் தூங்கி வழிவதும் இதே சிக்கலின் இன்னொரு முகம். அது யார் கண்ணிலும் படுவதில்லை.

"என்னவோ சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. "நேற்று மாலை பேத்தி பெயரைச் சொன்னார். இன்று காலை என்னையே தெரியவில்லை. இது இவருடைய இயல்பு இல்லை" என்று நேரத்தோடு சொல்லுங்கள். நர்ஸ் கேட்கவில்லையா, வார்டு இன்சார்ஜிடம் போங்கள். அப்புறம் பணியில் இருக்கும் டாக்டர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2013 முதல் 'ரயன் விதி' இருக்கிறது. வார்டில் பேசியும் கவலை தீராவிட்டால், குடும்பத்தாரே தொலைபேசியில் மறுபரிசீலனை கேட்கலாம். இங்கிலாந்தில் 2024-ல் இதேபோன்ற 'மார்த்தா விதி' வந்தது. பெற்றோரின் கவலையை வார்டில் சரியாகக் காதில் வாங்காததால் இறந்துபோன குழந்தைகளின் பெயர்கள் அவை. உங்கள் மருத்துவமனையில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டா என்று சேர்ந்த அன்றே விசாரித்து வையுங்கள்.

இதற்கிடையில் அம்மாவின் மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் பெட்டிக்குள் கிடக்கின்றனவா பாருங்கள். எடுத்து மாட்டிவிடுங்கள். பகலில் திரைச்சீலையை விலக்கி வெளிச்சம் வரச்செய்யுங்கள்.

கேள்வி: "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்கிறார்கள். எங்களுக்குத் தைரியம் இல்லை.

பதில்: எதற்குத் தைரியம் இல்லை என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். மாடிப்படியா, கழிவறையா, புண்ணுக்குக் கட்டுப் போடுவதா? கட்டுப் போடுவது என்றால் இன்றே நர்ஸ் முன்னால் நீங்கள் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். அவர் போடுவதைப் பார்த்துத் தலையாட்டினால் போதாது. படி என்றால் பிசியோதெரபிஸ்டோடு ஒருமுறை ஏறி இறங்கட்டும்.

மருந்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். வீட்டிலிருந்த பழைய மாத்திரை அட்டைகளை எல்லாம் கொண்டுவந்து, புதுச் சீட்டோடு கட்டில்மேல் பரப்புங்கள். அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். ஒரே ரத்த அழுத்த மருந்து இரண்டு பெயரில் வந்து, இரண்டையும் விழுங்கி மயங்கி விழுந்து திரும்பவும் சேர்வது எங்களுக்குப் பழகிய கதை. எதைத் தொடரணும், எதை நிறுத்தணும், எது புதுசு என்று மருந்தாளுநரையே அட்டை அட்டையாகக் குறித்துத் தரச் சொல்லுங்கள். இன்னும் வராத பரிசோதனை முடிவுகளை யார் சொல்வார்கள், என்ன அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும், ராத்திரியில் எந்த எண்ணுக்குப் பேசுவது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

தலைகீழ் நிலைமையும் உண்டு: டாக்டர் "இப்போது போகவேண்டாம்" என்று சொல்லியும் நோயாளி கிளம்பத் துடிப்பார். மனத்தெளிவு உள்ளவர் போகலாம். ஆபத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்பதற்காக மருந்துச் சீட்டையும் அடுத்த சந்திப்பையும் மறுக்கக்கூடாது.

கேள்வி: புகார் கொடுத்தால் அம்மாவைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்று பயம்.

பதில்: பயம் நியாயமானது. அப்படி நடக்கக்கூடாது என்பது விதி. விதியை நம்பி மட்டும் இருக்கவேண்டாம். முதலில் வார்டு இன்சார்ஜிடம், குற்றம்சாட்டும் தொனி இல்லாமல், இன்ன தேதி இன்ன நேரம் இன்னது நடந்தது என்று பேசுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் நோயாளிகள் குறைகேட்கும் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான குறிப்பு வாங்குங்கள். கூடவே மருத்துவப் பதிவுகளின் நகலுக்கும் தனியாக எழுதிக் கொடுங்கள். அதற்குக் காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை.